காற்று மேலே போகும்

க்ரீன்ஹோ மேட்டிலிருந்து இறங்கும்போது
மூன்றாவது வளைவில் மிதித்தேன்.
பெடல் தரையைத் தொட்டது.
வண்டி போய்க்கொண்டே இருந்தது.
தேர்வு அறையின் கண்காணிப்பாளரைப் போல
ஒரு செம்மறியாடு என்னைப் பார்த்தது.
கல்சுவரில் உரசி, புல்லில் ஏறி, நின்றேன்.
இரண்டு டிரம்மும் கருகிய வாடை.

அறுபத்தொன்றாம் வருடத்து எம்.ஜி. மிட்ஜெட்.
கூரையைக் கழற்றிவிட்டால் என் இடுப்பளவுதான்.
ஓடுவதை முதலில் யோசித்துவிட்டு
நிற்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்
என்று விட்டிருப்பார்கள் போல.

அன்றிரவே முன்சக்கர டிஸ்க்குக்குப் பணம் கட்டினேன்.
கடைவாய்ப் பல்லுக்கு வைத்திருந்த பணம்.
பல் காத்திருக்கும். க்ரீன்ஹோ காத்திருக்காது.

சனிக்கிழமை. மழை.
பழைய தூசை ஈரத்துணியால் துடைத்தேன்
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
அந்தக் காலத்துத் தூசு, அஸ்பெஸ்டாஸாகவும் இருக்கலாம்.
ஒரே ஒரு நட்டு காலை முழுவதையும் தின்றது.
சாணை பிடித்த கத்தி நிறத்தில் டிஸ்க்குகள்,
அவற்றைக் கவ்விக்கொண்டு காலிப்பர்கள்.
எல்லாம் என் கையால்.
தள்ளி நின்று பார்த்தேன்,
அழகாகத்தான் இருந்தது.

ஆனால் ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திருக.
சனிக்கிழமை மதியம் எங்கள் சந்தில்
சும்மா இருக்கும் கால்கள் கிளெம் இபட்சனுடையவை மட்டுமே.

அவரோடு பேசிப் பதினான்கு மாதம்.
நான் ஹல்லுக்குப் போயிருந்த வாரம்
நடுவேலியின் பீச் செடிகளை இரண்டடி வெட்டிவிட்டார்.
தன் பக்கம் என்றார்.
என் பக்கம் என்றேன்.
கவுன்சிலுக்குக் கடிதம். அவருக்கு நகல்.

கதவைத் தட்டினேன்.
“ஒரு கால் வேணும்.”
என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார்.
“எந்தக் கால்?”
“வலது.”
ஷூ மாட்டிக்கொண்டு வந்தார்.
வாரம் முழுக்க இருபது டன் பாலை
டேங்கரில் இறக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிற கால்.

மிதிங்க.
பிடிங்க.
விடுங்க.
ஜாம் பாட்டிலுக்குள் குமிழிகள்.
மிதிங்க. பிடிங்க. விடுங்க.
மிதி. பிடி. விடு.
எந்த முறையில் அந்த ‘ங்க’ உதிர்ந்ததென்று
இருவருமே கவனிக்கவில்லை.
நாலு மணி நேரம்,
மூன்றே சொல்.
பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது.

இறங்கினார். சக்கரத்தருகே குந்தினார்.
விரலை நீட்டினார்.
நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது.
“காத்து மேலே போகும்” என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.

இடதை வலத்தில் மாட்டியிருக்கிறேன்.
வலதை இடத்தில்.
காற்று மாடியில் கால்நீட்டி உட்கார்ந்திருக்க
நான் கீழ்க்கதவைத் திறந்து திறந்து
போ போ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிரிப்பார் என்று காத்திருந்தேன்.
“டேங்கர்ல நானும் ஒருதடவை இப்படித்தான்” என்றார்.
பொய்.
டேங்கருக்கு பிரேக்கே காற்றுதான்.
ஸ்பேனரை எடுத்துக்கொண்டு
அவர் பக்கம் பார்க்காமல் நட்டைக் கழற்றினேன்.

மாற்றி மாட்டி முடிக்கையில் விளக்குப் போட்டாயிற்று.
ஆறாவது மிதியில் பெடல் கல்லானது.
எங்கோ சொட்டிய பிரேக் ஆயில்
மட்கார்டில் காசளவு பெயின்ட்டைத் தின்றிருந்தது.
உடனே தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.
ஊற்றத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை, பக்கத்தில் அவர்,
முழங்கால் தாடையில் இடிக்க.
முப்பது மைலில் மிதித்தேன்.
நின்றது.
அவர் தொப்பி மட்டும் நிற்காமல்
கண்ணாடி வரை போய் விழுந்தது.
எடுத்து, தட்டி, போட்டுக்கொண்டார்.
“இன்னொரு தடவை” என்றார்.

திரும்பி வரும்போது வேலியைக் கடந்தோம்.
இருவரும் சாலையையே பார்த்தோம்.
கடிதத்தை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை.
அவரும் கேட்கவில்லை.
பின்சக்கரங்களில்
பழைய டிரம்தான் இருக்கிறது.